சந்தனம் இங்கே மட்டும்

ஃபைட் ஸ்டிக்குக்கு வயரிங் செய்கிற தொழிலில் சூடு இரண்டு வகை. ஒன்று வயரைப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னில் இருப்பது, இன்னொன்று எனக்கு வருவது. முதலாவதற்கு சுவிட்ச் உண்டு.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழைய கேம் கடைகளில் ஒரு குச்சியும் வட்ட வட்டமாய்ப் பட்டன்களும் வைத்த பெட்டி முன்னால் நின்று சண்டை கேம் ஆடுவார்களே, அதையே மடியில் வைத்து வீட்டில் ஆடும்படி செய்தால் அதுதான் ஃபைட் ஸ்டிக். புக்கிட் செந்தோசாவில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் அதற்கு உள்வேலை பார்க்கிறேன். டிவியில் மாட்டி கேம் ஆடுகிற பெட்டிக்குக் கொன்சோல் என்று பேர். வெள்ளை கொன்சோல் ஒரு பாஷை பேசும், கறுப்பு கொன்சோல் வேறொரு பாஷை பேசும். ஒரே ஸ்டிக் இரண்டிலும் ஓட வேண்டுமானால் உள்ளே இரண்டு சர்க்யூட் போர்டு வைத்து, ஒவ்வொரு பட்டனிலிருந்தும் இரண்டுக்கும் வயர் இழுத்து, எது வேண்டுமோ அதற்கு மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்சும் வைக்க வேண்டும்.

இதற்கு முன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சால்டரிங் லைனில் இருந்தேன். ஆள் குறைத்தபோது வெளியே அனுப்பினார்கள், இப்போது திரும்பக் கூப்பிடுகிறார்கள். அங்கே கழிவறைக்குப் போவதென்றாலும் சூப்பர்வைசரிடம் கார்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இந்த முன்னறை மேசை நிலைத்தால் நான் போக வேண்டியதில்லை. நிலைக்காவிட்டால் மறுபடி அந்தக் கார்டுதான். தையல், கைப்பேசி ரிப்பேர், கேக் என்று வீட்டில் உட்கார்ந்து தொழில் பார்க்கிறவர்களே, கொஞ்சம் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

அண்ணன் எப்போ வருவாரு?

சபாக்கிலிருந்து குணா என்ற இளைஞன் பெட்டியோடு வந்தான். நான் கையில் சூடான அயர்னோடு உட்கார்ந்திருக்கிறேன். மேசை முழுக்க வயர், மூக்கில் கண்ணாடி. அவன் வாசலில் நின்றபடியே வீட்டுக்குள் எட்டி எட்டிப் பார்த்தான். "அண்ணன் இல்லையாக்கா?" என்றான். என்ன வேண்டும், என்னிடமே சொல்லுங்கள் என்றேன். "பரவாயில்லக்கா, அண்ணன் வரட்டும்" என்று சோபாவில் சாய்ந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டான்.

அவன் தேடிய அண்ணன் என் வீட்டுக்காரர் சேகர். லோரி ஓட்டுகிறவர். வீட்டில் பல்பு போனால்கூட என்னைத்தான் கூப்பிடுவார். சாயங்காலம் அவர் வந்து சேர்ந்ததும் குணா எழுந்து நின்று குச்சி, பட்டன், இரண்டு கொன்சோல் எல்லாவற்றையும் அவரிடம் விளக்கினான். இவர் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். நடுவில் நான் கேள்வி கேட்டால் பதில் அவருக்குப் போகிறது! அவன் கிளம்பியதும், "ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? இவதான் செய்யிறான்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று பிடித்துக்கொண்டேன். வந்தவன் மனம் கோணக்கூடாதாம். என் மனம் கோணினால் பரவாயில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது குணா என்னிடம் சொல்லிவிட்டுப் போனது இது:

"அண்ணன் தலையாட்டினதே போதும்லாக்கா, எனக்கு நம்பிக்கை வந்துருச்சு."

தோற்கும்போது மட்டும் நிற்கிற ஸ்டிக்

சுங்கை பஞ்சாங்கிலிருந்து ரவின் வந்தான். நல்ல உடம்புக்காரன். செய்து கொடுத்த ஸ்டிக் ஆட்டத்தின் நடுவில் செத்துப்போகிறதாம், அதுவும் தோற்கும்போது மட்டுமாம். ஜெயிக்கிற ஆட்டத்தில் நன்றாக ஓடி, தோற்கிற ஆட்டத்தில் நின்றுபோகிற வயரை இந்த உலகத்தில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? மூடியைத் திருப்பி ஒவ்வொரு இணைப்பையும் சோதித்தேன். எல்லாம் கெட்டியாக இருந்தது.

சரி, இங்கேயே ஆடு என்று டிவி முன்னால் உட்கார வைத்தேன். ஜெயிக்கிற வரை தம்பி சோபாவில் சாய்ந்திருந்தான். அடி விழத் தொடங்கியதும் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் குனிந்தான். குனிந்தவுடன் வயிறு பெட்டியின் முன்பக்கத்தில் இருந்த சுவிட்சில் இடித்தது, வெள்ளை கொன்சோலில் இருந்த ஸ்டிக் கறுப்புக்குத் தாவிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். காட்டிக் கொடுத்தேன். அசட்டுச் சிரிப்பாவது வரும் என்று பார்த்தேன். நான் சுவிட்சைப் பிடுங்கிப் பின்பக்கம் மாட்டி முடிக்கிற வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு அவன் சொன்னான்:

"அப்ப என் வயித்தையும் அளந்துட்டு செஞ்சிருக்கணும்லக்கா?"

சாமி கும்பிட்ட பொருள்

ஆயுத பூஜை முடிந்த மறுநாளே குணா மறுபடி வந்தான். திரையில் இவனுடைய ஆள் யாரும் தொடாமலே எட்டி எட்டி உதைத்துக்கொண்டே இருக்கிறானாம். பெட்டியை வாங்கிப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு பட்டனின் மேலும் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். குச்சியின் உருண்டைக்குத் தனிப் பொட்டு, அதன் கழுத்தில் மல்லிகைச் சரம் வேறு. சந்தனத்தைத் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் குழைத்திருக்கிறார்கள். அது பட்டனின் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, உதைக்கிற பட்டன் அழுத்தினபடியே நின்றுவிட்டது.

கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே என் அயர்னுக்குப் பொட்டு வைத்தவள்தான், ஆனால் கைப்பிடியில் வைத்தேன், சூடாகிற முனையில் வைக்கவில்லை! பட்டன் பட்டனாகக் கழற்றி, பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காய வைத்தேன். முன்னறை முழுக்கக் கோயில் வாசனை. இனிமேல் இந்தத் தலைவலி வரக்கூடாது என்று, அன்றிலிருந்து செய்கிற ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் ஓர் ஓரமாய், பட்டன்களுக்கு எட்டாத இடத்தில், சின்னதாய் ஒரு வட்டம் வரைந்து 'சந்தனம் இங்கே மட்டும்' என்று எழுத ஆரம்பித்தேன். குணாவின் பெட்டியிலும் போட்டுக் கொடுத்தேன். அவன் வட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சாமி கும்பிட்ட பொருள் ரோசாக் ஆகாதுக்கா, கெட்டே போகாது. உள்ள வயரிங்தான் எதோ சரியில்ல, அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

மேடையில் ஒரு பொன்னாடை

இந்த நேரத்தில்தான் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதே வாரம் கோலசிலாங்கூர்ப் பக்கத்து இளைஞர் குழு ஒன்று பொது மண்டபத்தில் சண்டை கேம் போட்டி வைத்தது. ஒரு மேசையில் வெள்ளை கொன்சோல், இன்னொரு மேசையில் கறுப்பு. இரண்டிலும் ஓடுகிற ஸ்டிக் வேண்டும் என்று ஏற்பாட்டாளர் மோகன் கேட்டார். கேட்டது என் வீட்டுக்காரரிடம். கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பாதியை ஆன்லைனில் வாங்கிக்கொண்டார், பாதியைத்தான் எங்களிடம் செய்யக் கொடுத்தார். இது நன்றாகப் போனால் வேலை தொடர்ந்து வரும், தொழிற்சாலைக்கு மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

போட்டி தொடங்கும் முன் சாமி படத்தின் முன்னால் எல்லா ஸ்டிக்கையும் வரிசையாக அடுக்கினார்கள். குழுவில் ஒருவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். "பட்டன்ல வேணாங்க!" என்று கத்தினேன். நாதஸ்வர கேசட் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. ஆன்லைன் ஸ்டிக்குகளுக்குப் பட்டன் தவறாமல் பொட்டு விழுந்தது. என்னுடையதைத் தொட்டவர் வட்டத்தைப் பார்த்தார், படித்தார், சமர்த்தாக அதற்குள்ளேயே வைத்தார். மதியத்துக்குள் ஆன்லைன் ஸ்டிக்குகள் ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டன. என் ஸ்டிக்குகளை மட்டும் வெள்ளை மேசைக்கும் கறுப்பு மேசைக்கும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடி, பின்பக்கச் சுவிட்சைத் தட்டித் தட்டி, இறுதி ஆட்டம் வரை முடித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது மோகன் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஸ்டிக்கையெல்லாம் செஞ்சு நம்ம மானத்தைக் காப்பாத்தின லோரி சேகர் அண்ணனுக்கு ஒரு பலமான கைதட்டு!"

திங்கட்கிழமை

என் வீட்டுக்காரர் மேடைக்குப் போனார், பொன்னாடை வாங்கினார், இறங்கி வந்தார். நான் அழவில்லை, கத்தவும் இல்லை. "திங்கக்கிழமை ஃபேக்டரிக்கு வரேன்னு சொல்லிடப் போறேங்க. அங்க கார்டு குடுத்தாலும் என் பேரப் போட்டுக் குடுப்பாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு அப்போது இரக்கமே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மோகன் ஓடி வந்தார். இனி ஒவ்வொரு தாமானிலும், ஒரு குடியிருப்பு விடாமல், போட்டி வைக்கப் போகிறார்களாம், எல்லா ஸ்டிக்கும் அண்ணனே செய்து கொடுக்க வேண்டுமாம். என் வீட்டுக்காரர் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மடித்தார். "எனக்கு லோரி டயர் மாத்தத்தான் தெரியும் தம்பி. குச்சியிலருந்து அந்தச் சந்தன வட்டம் வரைக்கும் எல்லாம் இவ கை வேலை. முன்னமே சொல்லியிருக்கணும், சொல்லல. திங்கக்கிழமை ஃபேக்டரிக்குப் போறாளாம். ஸ்டிக் வேணும்னா இப்பவே அவகிட்ட கெஞ்சிக்க" என்றார். மோகன் அன்று முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். கெஞ்சவும் செய்தார். நான் சட்டென்று சரி சொல்லவில்லை, நன்றாகக் கெஞ்ச விட்டுத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டது இது:

"அலாமாக், நீங்களாக்கா? அப்ப அந்தப் பொன்னாடையையே திருப்பி உங்களுக்குப் போட்டுடலாமா, இல்ல வேற வாங்கணுமா?"

வாசலில் போர்டு

தொழிற்சாலைக்கு நான் போகவில்லை. வாசலில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு தொங்குகிறது: 'புவனா ஃபைட் ஸ்டிக் வயரிங்'. ஆணி அடித்தது என் வீட்டுக்காரர், அதுவும் கோணலாக. போர்டு மாட்டியதும் முதலில் வந்தவர் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கடை போடுகிற ஒருவர். கீழே நின்று எழுத்தெழுத்தாகப் படித்தார். நான் அயர்னைக் கையில் பிடித்தபடி, இந்தத் தடவையாவது என்று காத்திருந்தேன். அவர் உள்ளே வந்து, என்னைப் பார்த்து, மலர்ந்த முகத்தோடு சொன்னார்:

"நல்ல பேரும்மா. அண்ணன் மக பேருலதான் கடை வெச்சிருக்காரா?"

பேசவே பேசாத இரண்டு கொன்சோலை ஒரே ஸ்டிக்கில் பேச வைத்துவிட்டேன், வாசலில் நிற்கிற வாடிக்கையாளரை என்னிடம் பேச வைக்க எந்த வயரை எங்கே சால்டர் செய்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.