திங்கட்கிழமை அரக்கு கிடைக்காது

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் எத்தனை பேர் எங்கள் அக்காவைத் திட்டியிருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். பாதிப் பேரின் குரல் எனக்கே அடையாளம் தெரியும். நேரில் திட்டியவர்கள், ஃபோனில் திட்டியவர்கள், அப்பாவிடம் வந்து "பொண்ணுக்கு ரொம்ப எடம் குடுத்துட்டபா" என்று சுற்றி வளைத்துத் திட்டியவர்கள். அக்கா யார் மேலும் வருத்தம் வைத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. அவர் போய் ஒரு வருடம் ஆகிறது, அதை இங்கேயே எழுதி முடித்துவிடுகிறேன்.

அக்கா பிறந்தது சின்ன காஞ்சிபுரத்தில், இதே வீட்டில். முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் அப்பாவின் சாயப்பட்டறை. தறிக்காரர்கள் கொண்டுவரும் வெள்ளைப் பட்டு நூலுக்குக் கலர் ஏற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். அம்மா போனபோது அக்கா பிளஸ் டூ, நான் மூன்றாம் வகுப்பு. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டதும் அவர்தான், ஹோம்வொர்க் செய்யாததற்கு அறைந்ததும் அவர்தான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த வருடம் அப்பாவின் இடுப்பு மக்கர் செய்தது. ஆவி பறக்கும் அண்டாவில் பட்டு நூலை முக்கி எடுக்கும் வேலை அக்கா கைக்கு வந்தது. கிளாஸ்மேட்கள் மெஹந்தி போட்டு ஸ்டேட்டஸ் வைப்பார்கள். அக்காவின் கை மணிக்கட்டு வரை ஊதாவாக இருக்கும். அந்தக் கையோடுதான் கல்யாண மேடையிலும் உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு அப்புறமும் தினமும் பட்டறைக்கு வந்து போனார்.

அக்காவைக் கட்டிய மாமாவுக்கு ஊருக்கு வெளியே நெல் வயல். நம் தெருக்களின் சாயத் தண்ணீர் சாக்கடையில் இறங்கி, ஒரு வாய்க்காலில் கலந்து, கடைசியில் அந்த வயலைத்தான் தொடுகிறது. ஜாதகம் பார்த்தோம், வாய்க்கால் பார்க்கவில்லை.

கல்யாணம் ஆன புதிதில் ஒரு நாள் நான் அங்கே விருந்துக்குப் போயிருந்தேன். அக்காவின் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே அக்காவைக் கேட்டார்.

"இன்னாமா, நேத்து உங்கப்பா வூட்ல பச்சையா?"

"உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?"

"வாய்க்கால்ல வந்துச்சே. அதுக்கு முன்னாடி ரோசு. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கினு போவுது. எங்களுக்கு எல்லாக் கலரும் தெரியும்மா, பொடவதான் இல்ல."

எல்லோரும் சிரித்தோம். அக்கா தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என் பைக் பக்கத்தில் வந்து நின்று, "அந்தப் பச்சை நம்மளுதுதான்டா. நான்தான் ஊத்துனேன்" என்றார்.

அதற்கப்புறம் ஆரம்பித்ததுதான் நீங்கள் திட்டிய விஷயம். அதுவரை யார் எந்தக் கலர் கேட்டாலும் அன்றே ஏற்றுவோம். கலர் மாறும்போதெல்லாம் அலசின தண்ணீர் முழுக்கச் சாக்கடைக்குப் போகும். அக்கா அதை நிறுத்தினார். திங்கட்கிழமை சந்தனம், மஞ்சள் மாதிரி வெளிர் கலர். அலசின தண்ணீரைத் தேக்கி வைத்து, மறுநாள் ஆரஞ்சுக்கு முதல் அலசல். அந்தத் தண்ணீர் அப்புறம் சிவப்புக்கு. சனிக்கிழமை எல்லாவற்றிலும் அடர்த்தியான அரக்கு. கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். பச்சை, நீலத்துக்கு அடுத்த வாரம், அதுவும் இதே மாதிரி வெளிரிலிருந்து ஆரம்பித்து. வாரக் கடைசியில் மிஞ்சுகிற கறுத்த தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்து, மொட்டை மாடியில் ஆழமில்லாத தொட்டியில் காயவிட்டார். சாக்கடைக்குப் போகும் வழியைச் சிமெண்ட் வைத்து அடைத்ததும் அவரேதான். கொத்தனாரைக்கூடக் கூப்பிடவில்லை.

முதல் தடவையே சொதப்பியது. வாரத்தின் முதல் அடுப்பு மூட்டும்போது அலசல் தொட்டியில் ஒரு கை குங்குமம் போட்டுக் கும்பிடுவது அப்பாவின் வழக்கம். தண்ணீர் ஓடிப்போன காலத்தில் குங்குமமும் கூடவே ஓடிப்போயிற்று. இப்போது தண்ணீர் தங்குகிறது என்பது எங்கள் மூன்று பேருக்கும் உறைக்கவில்லை. குங்குமம் அடியில் படிந்து, அடுத்து இறங்கிய எலுமிச்சை மஞ்சள் பட்டு முழுக்கச் சிவப்புப் புள்ளி. நூல் கொடுத்த தறிக்காரர் அதை வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டு, "தறிப் பாவுக்கு நூல் கேட்டா அம்மன் மூஞ்சிய குடுத்துக்கிறீங்க" என்றார். அப்பா அன்று சாப்பிடவில்லை. அக்கா வழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மறு திங்கட்கிழமை அப்பாவின் கையைப் பிடித்துத் தொட்டியின் வெளிச்சுவரில் வைத்தார். "உள்ள இல்லப்பா, இங்க." அந்தச் சுவரில் இன்றும் குங்குமம் இருக்கிறது.

அடுத்து பெரியப்பா. அப்பாவின் அண்ணன். அடுத்த தெருவில் தறி வைத்திருப்பவர். அவர் மகள் கல்யாணத்துக்குத் தன் கையாலேயே அரக்குப் புடவை நெய்ய வேண்டும் என்று ஆசை. ஒரு திங்கட்கிழமை காலை நூலோடு வந்தார்.

"சாயந்தரத்துக்குள்ள அரக்கு ஏத்திக் குடுமா."

"சனிக்கிழமை பெரியப்பா."

"யாரு கல்யாணம்னு தெரியுமா உனக்கு? உன் தங்கச்சிது."

"அவளுக்குத்தான் பெரியப்பா நல்லா ஏத்தித் தரேன்னு சொல்றேன். இன்னைக்கு அரக்கு போட்டா வாரம் பூரா தண்ணி வீணாப் பூடும். அத எங்க ஊத்துறது?"

"சாக்கடையிலதான். உங்க தாத்தா ஊத்தல?"

"அந்தத் தண்ணி எங்க மாமியார் வயலுக்குப் போவுது."

"அடேங்கப்பா. கட்டிக்கினு போன வூடு பெருசாப் பூட்ச்சி, பொறந்த வூடு சிறுசாப் பூட்ச்சி."

தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டு நூலை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனார். அவர் பின்னாலேயே இன்னும் பல பேர். கல்யாணத்தில் அக்காவைப் பந்தியில் உட்கார் என்று சொல்ல ஆளில்லை. அவரே இடம் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார், எனக்கும் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தார்.

கடுப்பில் நான் கேட்டேன். "மத்த பட்டறக்காரனுங்க எல்லாம் ஊத்திக்கினுதான் இருக்கானுங்க. வாய்க்கால் இன்னும் கலராத்தான் போவுது. நீ மட்டும் நிறுத்தி இன்னா ஆவப் போவுது?"

"அத்தை கேக்கும்போது, இது எங்களுது இல்லன்னு சொல்லணும்டா. அவ்ளோதான்."

பிறகு அவருக்கு விடாத காய்ச்சல். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். சாயத்தால் வந்ததா என்று உங்களில் சிலர் துக்க வீட்டிலேயே கேட்டீர்கள். டாக்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தயவுசெய்து அப்பாவிடம் அதைக் கேட்காதீர்கள்.

சென்னை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தினமும் காலையில் ஃபோன் வரும். எடுத்தவுடன், "இன்னைக்கு இன்னாடா கலர்?" சிவப்பு என்றால் சிவப்பு நாளா என்று விரல் விட்டுப் பார்ப்பார். முடி கொட்டியதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மழையில் மாடித் தொட்டி நிரம்பி வழியுமே என்று கவலைப்பட்டார். தார்ப்பாய் கட்டியிருக்கிறேன் என்று ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். "முடிச்சு லூசா இருக்குது" என்று பதில் வந்தது. அதுதான் அவர் எனக்கு அனுப்பிய கடைசி மெசேஜ்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தபோது விரல்கள் வெளுத்திருந்தன. அவர் பட்டறையில் இறங்கியபிறகு அந்தக் கையில் கலரே இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தை அதைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "வாய்க்கால்ல எந்தக் கலரு வந்தாலும் இது எம்மருமவ வூட்டுது இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேனே, இனிமே யாராண்ட சொல்லுவேன்" என்று அழுதார். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை அப்பாதான் போர்த்தினார். அதற்காவது குனிய முடிந்ததே என்று பிறகு சொன்னார்.

ரத்தம் கொடுத்த என் காலேஜ் நண்பர்களுக்கும், சென்னையில் எங்களைத் தங்கவைத்த அம்மாவின் தம்பிக்கும், கடைசி நாட்களில் அக்காவின் தலையைத் துடைத்துவிட்ட நர்ஸ் அக்காவுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சொல்லாமலே இட்லி கொண்டுவந்து வைத்த எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவுக்கும், ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் படுத்து எழுந்த மாமாவுக்கும் எங்கள் நன்றி. திட்டியவர்களும் தூக்க வந்தீர்கள். அதற்கும் நன்றி.

நேற்று காலை பெரியப்பா பட்டறைக்கு வந்தார். அன்று நூலை எடுத்துக்கொண்டு போனபிறகு இப்போதுதான் வருகிறார். கையில் வெள்ளைப் பட்டு. தொட்டிச் சுவரில் இருந்த குங்குமத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அரக்கு வேணும்டா."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே நூலை ஆணியில் மாட்டினார்.

"தெரியும். சனிக்கிழமைதான்னு சொல்லுவ. வச்சிக்கோ."

போய்விட்டார். பெரியப்பா ஒருத்தர்தான் திரும்பி வந்திருக்கிறார்.

இன்று செவ்வாய்க்கிழமை. தொட்டியில் ஆரஞ்சு.