இரண்டு கறுப்புப் பட்டிகள்

ஜேர்மனியில், நொய்கெல்ன் பகுதியில், எங்கள் தமிழ் ஆட்களிடையே எனக்கு ஒரு பேர் இருந்தது: கரண்ட் சாமான்களில் விசயம் தெரிந்தவர். ஒருமுறை கூட்டாளி வீட்டுப் பல்கனியில் ஏறி, ஒரு மாதமாக வராமல் இருந்த தமிழ்ச் சனலை வரவைத்துவிட்டேன். உண்மையில் கை வழுக்கி சற்றலைட் டிஷ் தானாகத் திரும்பியது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து யார் வீட்டில் எது வேலை செய்யாவிட்டாலும் டெலிபோன் எனக்குத்தான் வரும். நான் உணவகச் சமையலறையில் வெங்காயம் உரிக்கிறவன் என்பதை எல்லாரும் மறந்துபோனார்கள். நானும் மறந்துபோனேன்.

அதனால்தான் உலகக் கிண்ணக் கால்பந்து ஜேர்மனியில் நடந்த வருசம் எச்.டி. டிவி வாங்குகிற முதல் ஆளாக நான் இருக்கவேண்டி வந்தது. கடைக்காரப் பையன் இருபது நிமிசம் விளக்கம் சொன்னான். நான் ‘யா, யா’ என்று தலையாட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு விளங்கியது ‘பெரியது’, ‘அழகானது’ என்ற இரண்டு சொற்கள்தான். அதுவே போதும் என்று பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து தர அவர்கள் தனிக்காசு கேட்டார்கள். விடுவேனா? அந்தக் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு, நிலக்கீழ் ரயிலில், பெட்டியை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்தபடி வந்து சேர்ந்தோம். ஏறுகிற சனம் எங்களைப் பார்த்த பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முகப்பில் ‘எச்.டி. ரெடி’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை உரிக்க நான் விடவில்லை. மனைவி அதற்குப் பக்கத்திலேயே ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். எச்.டி.யில் ஒளிபரப்புகிற சனல் அப்போது நாட்டில் அநேகமாக இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. டிவி ரெடியாகத்தான் இருந்தது, ஜேர்மனிதான் ரெடியாக இல்லை.

தமிழ்ச் செய்தியைப் போட்டால் படம் நடுவில் மட்டும் வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு கறுப்புப் பட்டி. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவ்வளவு அகலக் கண்ணாடிக்குக் காசைக் கொடுத்துவிட்டு இருட்டையா பார்ப்பது? ரிமோட்டில் இருந்த எல்லாவற்றையும் அமத்தினேன். ஏதோ ஒன்றில் படம் சடாரென்று விரிந்து கண்ணாடி முழுக்க நிரம்பியது.

“இஞ்சாருங்கோ, செய்தி வாசிக்கிற பிள்ளைக்கு முகம் வீங்கினமாதிரிக் கிடக்கு,” என்றாள் மனைவி.

“அது வீக்கமில்லை, அதுதான் எச்.டி. பழைய டிவி இவ்வளவு காலமும் ஆக்களை ஒடுக்கிக் காட்டினது. இதுதான் உண்மையான சைஸ்,” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அந்தப் பட்டனுக்கு இனி ஒருவரும் கிட்டப் போகக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் அதே விளக்கத்தைக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் என் கண்ணுக்கு அந்தச் சைஸ் பழகிப்போனது.

இனி அம்மாவின் கதைக்கு வரவேண்டும். அம்மா கொழும்பில், வெள்ளவத்தையில், என் தங்கையோடு இருந்தா. நான் அவவை நேரில் பார்த்து ஒன்பது வருசம். அந்த வருசம் தொடக்கத்திலிருந்தே தங்கை டெலிபோனில் ஒரே பாட்டு: “அம்மா நல்லா மெலிஞ்சிட்டா அண்ணா. சாப்பாடு இறங்குதில்லை. ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ.” பயமாகத்தான் இருந்தது. உணவகத்தில் முதலாளியிடம் உர்லாப் கேட்டேன், ஒக்டோபரில் நாலு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம், லீவு தருவதாகச் சொன்னார்.

செப்டெம்பரில் தங்கையின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு நடந்தது. அதன் டிவிடி தபாலில் வந்தது. நானும் மனைவியும் தேத்தண்ணியோடு அமர்ந்து போட்டுப் பார்த்தோம். ஆலாத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு அம்மா வந்தா. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். கன்னம் இரண்டும் உப்பி, தோள் அகண்டு, கை தடித்து, கண்ணாடி நிறைய அம்மா!

“பாத்தியே! என்ர அம்மா எப்பிடி இருக்கிறா எண்டு பார்! தங்கச்சி என்னை வரப்பண்ணச் சும்மா வெருட்டியிருக்கிறாள்.”

மனைவி தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினாள். நான் அந்தச் சூட்டோடேயே கொழும்புக்கு அடித்துத் தங்கையை ஏசினேன். அவள் அழுதாள். ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தாள்.

“அம்மா, நீங்கள் நல்லாக் கொழுத்திட்டியள். என்ர டிவியில பாத்தனான், எச்.டி. டிவி, அது பொய் சொல்லாது!”

அம்மா, “ஓம் தம்பி. எனக்கென்ன குறை? நீ வேலையைப் பார்,” என்றா.

அடுத்த நாளே முதலாளியிடம் போய் உர்லாப்பை வருகிற வருசத்துக்குத் தள்ளிவைத்தேன். அவருக்கு நல்ல சந்தோசம்.

ஒக்டோபர் நடுவில் கூட்டாளியின் மனைவி அந்த டிவிடியைக் கேட்டா. தன் மகளின் சாமத்தியவீட்டுக்கு மணவறைச் சோடனை பார்க்கவாம். காலில் ஒப்பரேசன் செய்திருந்ததால் அவவால் எங்கள் வீட்டுக்கு வர ஏலாது. நானே கொண்டுபோய், அவர்களுடைய பழைய பெட்டி டிவியில் போட்டேன். ஆலாத்தித் தட்டோடு ஒரு கிழவி வந்தா. கழுத்து எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. கையைத் தூக்கும்போது காப்பு முழங்கை வரைக்கும் சறுக்கி ஓடியது.

“அண்ணை, அம்மா ஏன் இப்பிடி மெலிஞ்சுபோனா?” என்று அவ கேட்டா.

“உங்கட டிவி பழசு. ஆக்களை ஒடுக்கித்தான் காட்டும்,” என்று சொல்லிக்கொண்டே அம்மாவின் கையிலிருந்த தட்டைப் பார்த்தேன். அது வட்டமாக இருந்தது. எங்கள் வீட்டு டிவியில் அது முட்டை வடிவம். அன்றைக்கு நான், ‘இப்ப கொழும்பில இதுதான் பாஷனாக்கும்’ என்று நினைத்திருந்தேன். உலகத்தில் எந்தச் சனமாவது ஆலாத்தித் தட்டை முட்டை வடிவத்தில் செய்யுமா? அட மடையா! சோடனையைப் பார்க்க விடாமல் டிவிடியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதுவரைக்கும் அவவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து டிவிடியைப் போட்டு, அந்தப் பட்டனைத் தேடி அமத்தினேன். இரண்டு கறுப்புப் பட்டியும் வந்தன. அவற்றுக்கு நடுவில் அம்மா, உள்ள அளவில் நின்றா. மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

“உனக்கு இது முந்தியே தெரியுமா?”

“முதல் கிழமையே தெரியும். நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு நான் இப்பிடி வச்சுத்தான் பாக்கிறனான். நீங்கள் வரமுதல் திருப்பி அகட்டி விட்டிடுவன்.”

“அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?”

“வாயெடுத்தனான். நீங்கள் எழும்பி நிண்டு சிரிச்சியள். இவ்வளவு வருசத்தில நான் அப்பிடி ஒரு சிரிப்புப் பாக்கேல்லை. என்னால ஏலாமப் போச்சு.” அவள் கண் கலங்கியிருந்தது. “பிழைதான். என்னையும் ஏசுங்கோ.”

ஏச எனக்கு என்ன வாய் இருக்கிறது? முதலாளியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, கிறிஸ்மஸ் காலத்து வேலை முழுக்கச் செய்வதாகச் சத்தியம் பண்ணி, இரண்டு கிழமை வாங்கினேன். பிறகு கொழும்புக்கு அடித்தேன். முதலில் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தாள்.

“அம்மா, வாற கிழமை நான் வாறன்.”

“ஏன் தம்பி வீண் செலவு? நான் நல்லாக் கொழுத்துத்தானே இருக்கிறன். நீதானே பாத்துச் சொன்னனி.”

மனைவி என் முதுகில் கையை வைத்தாள்.

“அந்த டிவி பழுதம்மா,” என்றேன்.

“டிவி பழுதாப்போச்செண்டே இவ்வளவு தூரம் வாறாய்?”

“ஓம் அம்மா.”

அம்மா சிரித்தா. சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்க வெகுநேரம் எடுத்தது. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

“அப்ப கெதியா வா,” என்றா.