பறிமுதலான நோட்டு

அந்தப் பள்ளிக்கூட நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் உஷ் மிஸ். நாற்காலி நகர்ந்தால் உஷ். யாராவது தும்மினால் உஷ். தும்மலை எப்படி மிஸ் அடக்குறது என்று கேட்டால் அதற்கும் ஒரு உஷ்.

பாடப் புத்தகத்துக்குள் பேய்க்கதையை ஒளித்து வைத்துப் படிக்கிற பிள்ளையை நாலு மேஜை தள்ளியிருந்தே பிடித்துவிடுவாள். பாடம் படிக்கிற பிள்ளை கொட்டாவி விடும், பேய்க்கதை படிக்கிற பிள்ளைக்குக் கண்ணே இமைக்காது, அவ்வளவுதான் சூட்சுமம். புத்தகத்தைப் பிடுங்கி, பெயரும் வகுப்பும் எழுதிய சீட்டை ஒட்டி, பச்சை இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டுவாள். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்ட மன்னிப்புக் கடிதம் வந்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். "இந்தக் குப்பையெல்லாம் படிச்சா மூளை அழுகிடும்," என்பது அவள் வழக்கமாகச் சொல்லும் வசனம்.

ஊருக்குத்தானே உபதேசம்! கோடை விடுமுறை விடுகிற அன்று சாயங்காலம் பெட்டியைக் காலி செய்து, இரண்டு துணிப்பைகளில் அடைத்து, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அம்மா கேட்டால், "ஸ்டாக் எடுக்கணும்மா." அப்புறம் ஒன்றரை மாதம் மத்தியானமெல்லாம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே குப்புறப் படுத்து, மண்டையோட்டு அட்டை போட்ட கதைகளை ஒவ்வொன்றாக முடிப்பாள். நாற்பத்தெட்டு வயசில் பூனை பால் குடிக்கிற மாதிரி ஒரு திருட்டுப் படிப்பு. பள்ளி திறக்கிற அன்று ஒரு மடிப்பு விழாமல் எல்லாம் பெட்டிக்குள் திரும்பிவிடும். இத்தனை வருடத்தில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

அவள் ஏன் படித்தாள் என்றால், ஊரான் பேயைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் சொந்தப் பேய் எட்டிப் பார்ப்பதில்லை. சொந்தப் பேய் ஒன்று இருந்தது. ஒன்பது வயதிலிருந்து வருகிற கனவு. ஒரு சின்ன அறை. உள்ளே அவள். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது. வெளியே யாரோ தட்டுகிறார்கள். தாழ்ப்பாளை இழுக்கிறாள், நகரவில்லை. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்து பாதத்தை நனைக்கிறது. தட்டுவது மட்டும் நிற்கவில்லை. அந்த இடத்தில் விழித்துக்கொள்வாள். விழித்த பிறகும் கால் சில்லிட்டிருக்கும்.

இந்தக் கோடையில், விடுமுறையின் நாலாம் நாள், பைக்கு அடியில் புத்தகங்களோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தது. எட்டாம் வகுப்பில் ரெட்டைச்சடை போட்டுக்கொண்டு வருகிற ஒரு பிள்ளையுடையது. கடைசி நாள் அவசரத்தில் என்ன ஏது என்று பார்க்காமல் பிடுங்கிப் போட்டது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் தலைப்பு: 'அக்கா கதவத் தொற'. கீழே ரத்தம் சொட்டுகிற மாதிரி படம் வேறு.

"அட, நம்ம பிள்ளையே எழுத ஆரம்பிச்சிருச்சா!" என்று சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். ஒரு சின்ன அறை. உள்பக்கம் தாழ் போட்ட கதவு. வெளியே ஒரு தம்பி. கதவுக்கு அடியில் தண்ணீர். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்றாம் பக்கத்தில் அந்த அக்கா சொல்கிறாள்: "இருடா, ரெண்டே பக்கம்."

நோட்டு கையிலிருந்து விழுந்தது. அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கடவுளிடம்கூடச் சொன்னதில்லை.

நடந்தது இதுதான். அதுவும் ஒரு கோடை மத்தியானம். பக்கத்து வீட்டிலிருந்து திருடிக்கொண்டு வந்த பேய்க்கதையோடு ஒன்பது வயதுப் பெண் சாமான் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அம்மா துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தாள். நாலு வயதுத் தம்பி வந்து கதவைத் தட்டினான். கதையிலோ பேய் படியேறிக்கொண்டிருந்தது. "இருடா, ரெண்டே பக்கம்," என்றாள். கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் நின்றது. சனியன் விட்டது என்றுகூட நினைத்தாள். அவள் கதையை முடித்துக் கதவைத் திறந்தபோது அம்மா கொல்லையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி அலறிக்கொண்டிருந்தாள்.

கேட்டவர்களிடமெல்லாம் அவள் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். பழி முழுவதையும் அம்மா எடுத்துக்கொண்டாள். தண்ணீர் மொண்டுவிட்டு மூடியைப் போட மறந்தது அம்மாதான். அதற்கப்புறம் அந்த வீட்டில் மூடியில்லாத பாத்திரம் கிடையாது. குளிக்கிற வாளிக்கும் தட்டு, பூச்செடிக்கு ஊற்றுகிற குவளைக்கும் தட்டு. எழுபத்தாறு வயதாகியும் அம்மா சாயங்காலமானால் ஒரு தடவையாவது, "என் கையாலயே கொன்னுட்டேன்டி," என்பாள். மகள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். முப்பத்தொன்பது வருடமாக அப்படித்தான் எழுந்து போய்க்கொண்டிருக்கிறாள்.

இப்போது அது நீலப் பேனாவில், குண்டு குண்டு எழுத்தில், யாரோ ஒரு பிள்ளையின் நோட்டில் இருக்கிறது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அவளுக்குப் பட்டப்பகலிலேயே அப்படி ஆகிவிட்டது. தபால்காரர் கதவைத் தட்டினாலும் திறக்க அம்மாவைத்தான் அனுப்பினாள். குழாய் சொட்டினால் ஓடிப்போய் இறுக்கி மூடினாள். யார் சொல்லியிருப்பார்கள்? செத்தவனா? ஒருநாள் நோட்டை அடுப்படிக்கு எடுத்துப்போய்த் தீக்குச்சியைக்கூடக் கிழித்துவிட்டாள். நோட்டை எரித்தால் அந்தப் பிள்ளையின் வாய் எரியுமா என்று தோன்றியது. குச்சியை ஊதி அணைத்தாள். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்றுதான்: இது அம்மா காதுக்குப் போனால் என்ன ஆகும்?

பள்ளி திறக்க நாலு நாள் இருந்தது. மத்தியானம் வாசலில் மணி அடித்தது. அவள் அறையிலிருந்து வருவதற்குள் அம்மா கதவைத் திறந்துவிட்டாள்.

"உன்னப் பாக்கத்தான் ஒரு பாப்பா வந்திருக்கு."

ரெட்டைச்சடைதான். கையில் மன்னிப்புக் கடிதம், கீழே அப்பா கையெழுத்து. "மிஸ், என் நோட்டு. ஸ்கூல் பூட்டியிருக்கு, அதான் வீடு கேட்டு வந்தேன். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கதைய முடிக்கணும் மிஸ்."

அம்மா சோபாவில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கதைய யார் உனக்குச் சொன்னாங்க?" என்றாள் உஷ் மிஸ் மெதுவாக.

"நீங்கதான் மிஸ்."

"நானா?"

"மத்தியானம் சாப்பிட்டுட்டு மேஜையில தலைய வெச்சுத் தூங்குவீங்கல்ல, அப்ப பேசுவீங்க மிஸ். நான் பெரிய அலமாரிக்குப் பின்னால ஒளிஞ்சு படிச்சிட்டிருப்பேன். உஷ் சொல்ல ஆளில்லாத நேரம் அது ஒண்ணுதான." பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டது. "கோச்சுக்காதீங்க மிஸ். யார்கிட்டயும் சொல்லல. நீங்க படிச்ச கதைன்னு நெனச்சேன். ஆனா கதவு தட்டுற இடத்துலயே முழிச்சிடுறீங்க, மேல சொல்லவே மாட்டேங்கறீங்க. அந்தத் தம்பி என்ன ஆனான் மிஸ்?"

துணி மடித்த கை நின்றது. "எந்தத் தம்பி?" என்றாள் அம்மா.

'கதைம்மா, பிள்ளைங்க ஏதோ கிறுக்குதுங்க.' இந்த ஒரு வாக்கியம் போதும். நுனி நாக்கில் தயாராக இருந்தது. சொல்லிவிட்டால் நோட்டைக் கொடுத்து அனுப்பிவிடலாம். சொல்வதற்குள் அம்மாவே முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்லயும் ஒரு தம்பி இருந்தான் பாப்பா. தண்ணியில போயிட்டான். தொட்டி மூடியைத் தொறந்து போட்டுட்டுப் போனேன், பாவி நான்." யாரென்றே தெரியாத ஒரு பிள்ளையிடம், தன் பெயரைச் சொல்வதுபோல அவ்வளவு பழக்கமாகச் சொன்னாள்.

மகளால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. தரையில், அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அன்னிக்கு நான் தூங்கலம்மா. சாமான் ரூம்ல தாழ் போட்டுக்கிட்டுக் கதை படிச்சிட்டிருந்தேன். அவன் முதல்ல என்கிட்டதான் வந்தான். கதவத் தட்டினான். நான் தொறக்கல."

ரெட்டைச்சடை கடிதத்தைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றது. அம்மா மகளின் முகத்தையே பார்த்தாள். அடிப்பாளா, கத்துவாளா, இதோடு பேச்சையே விட்டுவிடுவாளா என்று ஒன்பது வயதிலிருந்து பயந்த அத்தனை பயமும் மகளுக்கு ஒரே மூச்சில் வந்தது.

"தட்டினானா?" என்றாள் அம்மா.

"தட்டினான்ம்மா."

"எத்தனை தடவ?"

"அஞ்சு. அஞ்சாவது தடவ கையால இல்லம்மா. காலால உதைச்சான்."

"கோவம் வந்தா அப்படித்தான் உதைப்பான்," என்று அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.