இட்லி ஆவியில் பிரித்த பக்கங்கள்

மயிலாப்பூர் கிளை நூலகத்தில் நான் பாதி படித்திருந்த நாவலைத் திருப்பிக் கேட்டார்கள்.

"யாரோ எதிர்ப்பு மனு குடுத்துக்கிறாங்க மேடம். இன்னா பண்றது, மேல சொல்லிட்டாங்க," என்றார் ஊழியர்.

"இன்னும் நூறு பக்கம் இருக்கே!"

அவர் அட்டையில் 'இரவலுக்கு அல்ல' என்று சீட்டு ஒட்டினார். மைதாப் பசை வாசனை வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பா எங்கள் பங்குக்கோயிலான மாதா கோயிலின் நூலகத்தைக் கவனித்துக்கொண்டார். தகாதவை என்று நினைத்த பக்கங்களை இதே பசையால் ஒட்டிவிடுவார். அவர் முதல் பூசைக்குப் போனதும் அக்காவும் நானும் அவற்றை இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரிப்போம். படித்துவிட்டுச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவைப்போம்.

"ஏம்மா, புஸ்தகத்துல எறும்பு எப்படி வந்துச்சு?" என்பார் அப்பா. அக்கா சிரிப்பை அடக்கிக்கொள்வாள்.

ஊழியர் நாவலை பீரோவில் வைத்துப் பூட்டினார். இட்லி ஆவிக்குப் பூட்டு திறக்காது. 112ஆம் பக்கம் என்று டைரியில் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன்.