நாமளா, நாங்களா

ஸ்பானிஷ் படிக்க வேண்டும் என்று தெரசம்மாளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்தவள். புருஷன் தாவீதுக்குத் தோல் கிடங்கில் வேலை. அவளுக்குச் செம்பூரில், வயதான கன்னியாஸ்திரீகள் தங்கும் ஒரு மடத்தில் ஆயா வேலை. காலையில் சயானில் பஸ் பிடித்தால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள்.

1964 மழைக்காலத்தில் அவளை மதர் கொன்சோலாவின் அறைக்கு மாற்றினார்கள். மதர் இளம் வயதில் ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்தவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதோடு இங்கிலீஷும் ஹிந்தியும் போய், பிறந்த பாஷை மட்டும் மிஞ்சியிருந்தது. அறையில் இரண்டு கட்டில்கள். இன்னொன்று சிஸ்டர் பிலாருடையது. மதரோடு அதே கப்பலில் வந்து, அதே அறையில் காலமெல்லாம் இருந்து, முந்தின வருஷம் இறந்துபோனவர். கட்டிலை வெளியே எடுக்கப் போனால் மதர் அலறியதால், விரித்த விரிப்போடு அது அப்படியே கிடந்தது.

மதர் தண்ணீர் கேட்கிறாரா, ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாரா என்று தெரசம்மாளுக்கு விளங்கவில்லை. வாரம் ஒரு தடவை பூசை வைக்க வரும் சாமியாரோடு பிரதர் எலோய் வருவார். அவரும் ஸ்பெயின்காரர், தெரசம்மாளைவிட வயதில் சின்னவர். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் எழுத்து படித்தவள் என்று தெரிந்ததும், பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். வராந்தாவில் நின்றபடி ஹிந்தியில் விளக்குவார்.

"வேண்டும் என்பதற்கு கெரேர் என்று போட்டிருக்கு, பிரதர். மதர் கியெரே, கியெரே என்று சொல்கிறார்களே?"

"சில வினைகளுக்கு நடுவிலே வேர் உடையும். கெரேர், ஆனால் நான் என்று வந்தால் கியெரோ, அவள் என்று வந்தால் கியெரே. டோர்மிர் என்றால் தூங்குவது. நான் தூங்குகிறேன், துவெர்மோ. அவள் தூங்குகிறாள், துவெர்மே. நாம் என்று வரும்போது உடையாது. டோர்மிமோஸ்."

அவளுக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை. தமிழில் 'வா' என்பதே ஒரு சமயம் வந்தேன் என்றும் ஒரு சமயம் வருவேன் என்றும் ஆகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டே துவெர்மோ, துவெர்மே என்று முணுமுணுத்துப் பாடம் பண்ணினாள்.

படித்த பிறகுதான் பயம் வந்தது. மதர் கண் அசந்தால் சொல்வது துவெர்மோ இல்லை, டோர்மிமோஸ். தண்ணீர் கேட்டாலும் 'கெரேமோஸ்', நமக்கு வேண்டும். சீக்கில் குழம்பிப் பேசுகிறாரோ என்று நினைத்தாள். ஆனால் ஒரு மத்தியானம் அவள் வாளியைத் தரையில் வைத்தபோது, மதர் உதட்டில் விரல் வைத்து, "பிலார் துவெர்மே" என்றார். பிலார் தூங்குகிறாள். வேர் உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடைந்திருந்தது. சில சமயம் ஏதோ சொல்லி நிறுத்துவார், பதில் கேட்டவர்போலத் தலையாட்டுவார், பிறகு தொடர்வார்.

பிரதரிடம் சொன்னாள். "மடத்தில் எல்லாமே நாம்தானே, அந்தப் பழக்கம்" என்றார் அவர்.

"பிரதர், எங்க பாஷையில ரெண்டு இருக்கு. கேட்கிற ஆளையும் சேர்த்துக்கிட்டா ஒரு சொல்லு. சேர்க்கலைன்னா வேற சொல்லு. மதர் சொல்றது எது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்களுக்கு ஒன்றுதான். யார் யார் சேர்த்தி என்பது சொல்கிறவருக்குத்தான் தெரியும்."

வீட்டில் தாவீது சொன்னான். "ஏட்டி, அந்த ரூமே வேண்டாம்னு சொல்லிரு."

"நான் போகலன்னா அவியளுக்குத் தண்ணி குடுக்கக்கூட ஆளு கெடையாது. கேக்கது ஒருத்திக்கும் வெளங்காது" என்றாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் பிற்பகல், மழை இருட்டிக்கொண்டு வந்ததால் விளக்கைப் போட்டிருந்தாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் குந்தித் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது, மதர் இடது கையைத் தூக்கினார். முதலில் தன் நெஞ்சைத் தொட்டார். அடுத்துக் காலிக் கட்டிலைக் காட்டினார். பிறகு விரல் மெல்லத் திரும்பி தெரசம்மாளிடம் வந்து நின்றது.

"டோர்மிமோஸ்" என்றார்.

நாங்க இல்லை. நாம.

தெரசம்மாள் தரைத்துணியை வாளியில் போட்டாள். எழுந்து ஓட நினைத்தாள். மதரின் பார்வையில் கோபமோ கெஞ்சலோ இல்லை, பிள்ளைகளைப் படுக்கக் கூப்பிடுகிற சாதாரண முகம். பதில் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று ஆகிவிடுமோ என்று தோன்றியது. "டோர்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த உடையாத சொல்லுக்குள்தான் மதரும் பிலாரும் இருக்கிறார்கள்.

"யோ நோ துவெர்மோ" என்றாள். நான் தூங்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னாள். "துவெர்மோ. யோ, நோ."

மதர் அவளையே பார்த்தார். பிறகு முகத்தைக் காலிக் கட்டில் பக்கம் திருப்பி, வெகுநேரம் காது கொடுத்தார். கடைசியில் தலையாட்டினார். விரல் மறுபடி நெஞ்சுக்குப் போனது, அங்கிருந்து அந்தக் கட்டிலுக்கு. அதற்கு மேல் வரவில்லை.

"டோர்மிமோஸ்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

டீ கொண்டுவந்து எழுப்பியபோது மதர் எழுந்திருக்கவில்லை. இடது கை கட்டிலுக்கு வெளியே அந்தப் பக்கம் நீண்டு கிடந்தது. இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல விரல்கள் மடங்கியிருந்தன. அவற்றை நிமிர்த்த இரண்டு பேர் முயன்றும் முடியவில்லை. அப்படியே ஜெபமாலையைச் சுற்றினார்கள்.

தெரசம்மாள் அதற்குப் பிறகும் அந்த மடத்தில்தான் வேலை பார்த்தாள். ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்த சிஸ்டர்களோடு தட்டுத்தடுமாறிப் பேசவும் செய்தாள். "நாம் துவைக்கிறோம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "நான் துவைக்கிறேன், நீங்களும் துவைக்கிறீர்கள்" என்பாள். அவர்கள் திருத்துவார்கள். அவள் சிரித்து வைப்பாள்.

மதர் இறந்த அன்றைக்கு, நனைந்துபோய் வீட்டுக்கு வந்தவளிடம் தாவீது துண்டை எடுத்துக் கொடுத்தான்.

"இன்னைக்கு என்னட்டி ஆச்சு?"

"ஒறங்கிட்டாவ" என்றாள்.

மரியாதைக்குச் சொல்கிறாளா, இரண்டு பேரைச் சொல்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. சோற்றுப் பானையை அவனே இறக்கி வைத்தான்.