நிறுத்தி வைத்த லாரி

சுகுணாவுக்கு எதையும் இரண்டு முறை பார்த்தால்தான் மனம் ஆறும். இண்டூரிலிருந்து பஸ் ஏறி தர்மபுரிக்குப் போய், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். குழாயில் ஒட்டிய பெயரைப் படிப்பாள், சீட்டில் உள்ள பெயரைப் படிப்பாள், பிறகு நோயாளியையே கூப்பிட்டுக் கேட்பாள். "உங்கம்மா வெச்ச பேர்லயே உனக்குச் சந்தேகம் வரும்டீ" என்று கணவன் வீரமணி கிண்டல் செய்வான்.

தை மாதம் அவன் மாரடைப்பில் போனான். அதன்பிறகு அந்தச் சந்தேகம் வேலையிடத்தோடு நிற்கவில்லை. காரியம் முடிந்த கையோடு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. "சும்மா நின்னா துருப்புடிச்சிரும்மா, நா பத்திரமா வெச்சிருக்கேன்" என்று பெரிய மாமனார் பைக்கை ஓட்டிக்கொண்டு போனார். கைக்கடிகாரம் வேறு யாரோ கையில் ஏறியது. சுகுணா கம்ப்யூட்டரை மட்டும் துணி போட்டு மூடினாள்.

அதில்தான் வீரமணி லாரி ஓட்டுவான். விளையாட்டுதான், இன்டர்நெட்டில் தன் பேரும் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே போவான். கடைசியாக ஓட்டிய அன்று ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக லாரியை நிறுத்திவிட்டுச் சாப்பிட எழுந்து வந்தான். லாரி இன்னும் அங்கேயே நிற்கிறது. எப்போதாவது சுகுணா அதைத் திறந்து பார்ப்பாள். ஓட்டியதில்லை. நகர்த்தினால் அவன் நிறுத்திய இடம் போய்விடும்.

ஆடியில் ஹார்டு டிஸ்க் கட்கட்டென்று சத்தம் போட ஆரம்பித்தது. பயந்துபோய் அணைத்தவள், அதன்பின் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. போனில் பேச்சுவாக்கில் சொன்னதற்கு, கொழுந்தன் குரு ஓசூரிலிருந்து புது டிஸ்கோடு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றான். கேட்காமலே வாங்கிக்கொண்டு வந்ததுதான் அவளுக்கு உறுத்தியது. அடுத்தது கம்ப்யூட்டரா?

"கேம் எல்லாத்தையும் இதுக்கு மாத்தணும், நேரமாவும். நீங்க போயி வேலையப் பாருங்க அண்ணி."

"எனக்கு வேலையில்ல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நா என்ன கடப்பாரையா எடுத்துட்டு வந்திருக்கேன்? இப்படிக் காவல் காக்கறீங்க?"

"நீ பாட்டுக்குப் பண்ணு."

பட்டியலில் ஒவ்வொரு விளையாட்டாகப் புது டிஸ்குக்கு நகர்ந்தது. லாரி விளையாட்டு வந்ததும் குரு அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனான்.

"அது ஏன்?"

"அது பெருசு. அப்புறம் பாக்கலாங்க."

அவனிடமிருந்து மவுஸை வாங்கி அவளே அழுத்தினாள். விளையாட்டின் பக்கம் விரிந்தது. கடைசியாக விளையாடிய தேதி என்று போட்டிருந்த இடத்தில், போன ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அன்று இந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடவே இல்லை.

சுகுணா திரும்பிப் பார்த்தாள். குரு தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓசூர்ல அண்ணன் பேர்ல நொழையறியா?"

"பாஸ்வேர்டு அண்ணனே குடுத்ததுங்க. ரெண்டு பேரும் சேந்துதான லோடு அடிப்போம்? ரூம்மேட்டு லேப்டாப்ல அண்ணன் பேரப் போட்டா அங்கயும் இதே லாரிதான் வரும். என் லாரியப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்திக்குவேன். வெளையாடறவங்க லிஸ்ட்ல அண்ணன் பேரு பச்சையா எரியும். அவ்ளோதான். சத்தியமா ஓட்டலைங்க அண்ணி."

"பைக்க எடுத்துட்டுப் போனப்பவும் உங்க பெரியப்பா 'பத்திரமா வெச்சிருக்கேன்'னுதான் சொன்னாரு."

குரு அந்த விளையாட்டையும் புது டிஸ்குக்கு நகர்த்தினான். முடிந்ததும் சுகுணாவே திறந்தாள். அதே பங்க், அதே ஓரம். ஆனால் போய்விட்டுத் திரும்பி வந்தும் நிறுத்தலாமே? முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனாள். கிலோமீட்டர் அவளுக்கு மனப்பாடம். ஒன்றுகூட ஏறவில்லை. டீசல் முள் மட்டும் இறங்கியிருந்தது.

"டீசல் கொறஞ்சிருக்கே?"

"இன்ஜின ஓட விட்டிருப்பேங்க. அணைச்சி வெச்சா… எப்படியோ இருக்கும்."

சுகுணா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் பாஸ்வேர்டை மாற்றினாள், அவனை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு.

குரு பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினான்.

"அடுத்த ஞாயிறு நீ அங்கேருந்தே உன் லாரியக் கொண்டா" என்றாள். "நா இங்க அண்ணன் பேர்ல ஒக்காந்திருக்கேன். இன்ஜின் எப்படிப் போடறதுன்னு காட்டிட்டுப் போ."

காட்டினான். பிறகு பழைய டிஸ்கைக் கையில் எடுத்தான். "இத நா கொண்டுபோய்ப் போட்டுடட்டுங்களா?"

"வெச்சிட்டுப் போ" என்றாள் சுகுணா. அவன் தெருமுனை தாண்டும்வரை பார்த்துவிட்டு, அதைச் சேலைகளுக்கு அடியில் வைத்து பீரோவைப் பூட்டினாள். கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள், இரண்டு முறை.