தோட்டாக் கூட்டைக் குலுக்கிக் கேட்பவர்

ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் நான் உறுப்பினர். தொப்பை குறைய ஏதாவது விளையாடச் சொன்னார் டாக்டர். படுத்துக்கொண்டே ஆடக்கூடியது இதுதான் என்று சேர்ந்தேன்.

சுட்டபின் விழும் பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி, மறுபடி வெடிமருந்து நிரப்புவதற்காகப் புளித் தண்ணீரில் கழுவுபவர் அங்கே ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, விரல் நுனிகளில் மட்டும் பித்தளைக் களிம்பின் பச்சை. காய்ந்த கூடுகளை நான்கு நான்காக உள்ளங்கையில் குலுக்கிக் கேட்பார். நல்ல கூடு கணீரென்னும். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். அதில் மருந்து நிரப்பினால் சுடுகிறவரின் கண் போகலாம்.

ஒருநாள் என் காதருகே குலுக்கினார்.

"சார், இது கணீர்னு கீதா?"

"நல்லாத்தானே இருக்கு. ஏன்?"

"எனக்கு இப்போ எல்லாமே ஒரே மாதிரி கேக்குது சார். இத்தினி வருசமா வெடிச் சத்தத்துலயே கீறேன் இல்ல?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. இனிமே நான் கேட்டுச் சொல்றேன்."

"நீங்க சுடுறத பாத்துகினுதானே கீறேன். கண்ணே அப்படின்னா காதை எப்படி சார் நம்புறது?"

சிரித்துக்கொண்டே, காலையெல்லாம் கழுவிய ஒரு வாளிக் கூடுகளையும் எடைக்குப் போடும் பழைய பித்தளைச் சாக்கில் கொட்டினார். பிறகு செயலாளரிடம் போய், தனக்கு வேறு வேலை கேட்டார்.

இப்போது வாசலில் வண்டிகளுக்கு இடம் காட்டுகிறார். ஹாரன் அடித்தால் திரும்புவதில்லை. இறங்கிப் போய்த் தோளைத் தொட்டால், முதலில் என் கண்கள் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறார்.